காற்று வருமா? தெரு தெரியுமா?

வாசகர்களே! வாடகை வீடு தேடி அலைந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? இல்லையென்றால் நீங்கள் பாக்கியசாலிகள். உண்டு என்றால், நான் சொல்லப்போவதைக் கேட்டு, "ஆமாம், ஆமாம்!" என்று தலையை ஆட்டுவீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. சென்னையில் ஒரு புதுக் கட்டடத்தின் மூன்றாவது மாடி. தரகர் முன்னே போகிறார். நானும் என் மனைவியும் பின்னே போகிறோம். "ரெண்டு ரூமிலேயும் ஜன்னல் இருக்கு சார்! சாதாரண ஜன்னல் இல்லே, பெரிய ஜன்னல்!" என்று சொல்லிக்கொண்டே தரகர் கண்ணாடிக் கதவைச் சர்ரென்று நகர்த்தினார். ஆவலோடு எட்டிப் பார்த்தேன். எதிரே சுவர்! பக்கத்துக் கட்டடத்தின் பூசாத செங்கல் சுவர். கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருந்தது. நீட்டினேன், தொட்டும் விட்டேன்.

என் மனைவி ஒரு நிமிஷம் பேசாமல் நின்றாள். பிறகு, "இது ஜன்னல் இல்லை; அடுத்த வீட்டுச் சுவருக்குச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள்" என்றாள். தரகர் சிரித்தார். தரகர்களுக்கு எதைச் சொன்னாலும் சிரிக்கத் தெரியும்.

வீட்டுக்குத் திரும்பினோம். என் தாயாருக்கு முழங்கால் வலி. மாடிப்படி இறங்கித் தெருவுக்குப் போவது என்பது அவளுக்கு இப்போதெல்லாம் பண்டிகை நாளில் நடக்கிற காரியம். வாடகை எவ்வளவு, எத்தனை அறை, தண்ணீர் எப்படி என்று அவள் ஒன்றும் விசாரிக்கவில்லை. "காற்று வருமா? தெரு தெரியுமா?" என்று இரண்டே கேள்விதான் கேட்டாள். இரண்டுக்கும் நான் இல்லை என்று தலையை அசைத்தேன். "அப்படியானால் வேறே பார்" என்று சொல்லிவிட்டுக் கீரையை ஆயத் தொடங்கினாள்.

பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் பெண் தலையை நிமிர்த்தினாள். "அப்பா, ஜன்னலுக்குத் தமிழிலே என்ன?"

"ஜன்னல்தான்."

"'ஜ' தமிழ் எழுத்து இல்லேன்னு டீச்சர் சொன்னாங்களே?"

மாட்டிக்கொண்டேன்! இரண்டாம் வகுப்புக் குழந்தையிடம் தோற்பது பத்திரிகைக்காரனுக்கு அழகல்ல அல்லவா? அன்றிரவே சென்னைப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை எடுத்து உட்கார்ந்தேன். ஒரு சொல்லைத் தேடிப் போனவன் உலகத்தையே சுற்றி வரும்படி ஆயிற்று. அதைவிட ஆச்சரியம், என் தாயார் கேட்ட அந்த இரண்டு கேள்விகளும் போன இடமெல்லாம் எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருந்தன.

முதலில் நம் 'ஜன்னல்' யார் வீட்டுப் பிள்ளை என்று பார்ப்போம். கப்பலேறி வந்த பிள்ளை அது! போர்த்துக்கீசியர்கள் தங்கள் மொழியில் அதை 'ஜனேலா' என்கிறார்கள். 1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக் கரையில் வந்து இறங்கினான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அவனுக்குப் பின்னால் மிளகுக்காகவும் முத்துக்காகவும் அவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். முத்துக்குளித்துறைக் கரையிலும், நாகப்பட்டினத்திலும், மயிலாப்பூரில் இன்று சாந்தோம் என்கிறோமே அங்கேயும் வீடு கட்டிக்கொண்டு குடியேறினார்கள். 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ்ப் புத்தகத்தை அச்சிட்டவர்களும் அவர்களுடைய பாதிரிமார்கள்தான். வியாபாரம் போயிற்று, ஆட்சி போயிற்று, ஆனால் நம் வீட்டுக்குள் வந்த சில சொற்கள் போகவில்லை. "சாவியை எடுத்து அலமாரியைத் திற, அப்படியே ஜன்னலையும் சாத்திவிடு" என்று நீங்கள் வீட்டில் சொல்கிறீர்கள். அந்த மூன்று சாமான்களின் பெயரும் போர்த்துக்கீசியம்! வீடு கட்ட வரும் மேஸ்திரி, அவர் அடைக்கும் கிராதி எல்லாம் அதே கப்பலில் வந்தவைதான்.

'ஜனேலா' என்றால் 'குட்டிக் கதவு' என்று பொருள். லத்தீன் மொழியில் 'யானுவா' என்பது கதவு. அதைச் செல்லமாகச் சுருக்கிக் கூப்பிட்டதிலிருந்து 'ஜனேலா' பிறந்ததாம். அந்த 'யானுவா'வுக்கு உறவு, ரோமாபுரியாரின் வாயில் தெய்வமான யானஸ். முன்னே ஒரு முகம், பின்னே ஒரு முகம் கொண்ட தெய்வம் அது. வருஷத்தின் வாயிற்படியாகிய ஜனவரி மாதத்துக்கு அந்தத் தெய்வத்தின் பெயரைத்தான் வைத்தார்கள். ஆகவே, வாசகர்களே, உங்கள் வீட்டு ஜன்னலும் அதன் பக்கத்தில் தொங்கும் காலண்டரின் முதல் தாளும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்!

இந்தக் குட்டிக் கதவு நம்மிடம் மட்டும் வரவில்லை. வங்காளிகள் 'ஜானாலா' என்கிறார்கள். சிங்களத்தில் 'ஜனேலய'. மலாய் மொழியில் 'ஜெண்டேலா'. மலையாளிகள் 'ஜனல்' என்கிறார்கள். ஆனால் அவர்களிடம் 'கிளிவாதில்' என்று இன்னொரு சொல்லும் உண்டு. கிளி வந்து போகும் வாசல்! இவ்வளவு அழகான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு எதற்காகக் கடன் வாங்கினார்களோ?

நாமும் அதே காரியத்தைத்தான் செய்திருக்கிறோம். போர்த்துக்கீசியன் வருவதற்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே நம்மிடம் அருமையான சொற்கள் இருந்தன. அவற்றில் என் மனத்தைக் கவர்ந்தது 'காலதர்' என்பது. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வரும் வழி, அவ்வளவுதான். சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் பூம்புகார் நகரத்து மாளிகைகளை வருணிக்கும்போது இந்தச் சொல்லை ஆளுகிறார். அதோடு நிற்காமல், அந்தக் காலதர்கள் மானின் கண்ணைப் போல் இருந்தன என்றும் சொல்லிவிடுகிறார். மான்கண் காலதர்! காற்றும் கண்ணும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டன, பாருங்கள். "காற்று வருமா? தெரு தெரியுமா?" என்று கேட்ட என் தாயார் சிலப்பதிகாரம் படித்தவள் அல்ல.

சங்ககாலத்துப் புலவர்களுக்கும் முதலில் காற்றின் நினைவுதான் வருகிறது. மதுரைக் காஞ்சியில் மதுரை வீடுகளைப் பற்றிச் சொல்லும்போது, பல புழைகளை உடைய நல்ல வீடுகள், அவற்றில் மெல்லிய காற்று ஒலிக்கும் என்கிறார் மாங்குடி மருதனார். பட்டினப்பாலையிலும் காற்று நுழையும் வாய் வருகிறது. நெடுநல்வாடையிலோ நேர் எதிர்: வாடைக்காலம் வந்துவிட்டதால், தென்றலுக்காக மேல்மாடத்தில் அமைத்த வேனிற்பள்ளியை யாரும் நாடவில்லை, கதவுகளைத் தாழிட்டு வைத்துவிட்டார்கள். எந்தப் பருவத்தில் எதைத் திறப்பது, எதைச் சாத்துவது என்று வீட்டுக்காரர்கள் அறிந்திருந்தார்கள் என்பது நக்கீரர் வாக்கால் தெரிகிறது.

'சாளரம்' இன்னொரு பழஞ்சொல். அதுவும் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. வலை, பின்னல் என்று பொருள்படும் 'ஜாலம்' என்ற வடசொல்லோடு இதைத் தொடர்புபடுத்துவார்கள். கல்லிலோ மரத்திலோ வலைபோல் கண் கண்ணாகத் துளைத்த தடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அரபு நாட்டார் ஜன்னலை 'ஷுப்பாக்' என்கிறார்களே, அதற்கும் பின்னல், வலை என்றுதான் அடிப்படைப் பொருள். 'சாளரம்' இன்று வீட்டில் வழங்கவில்லை. அது சர்க்கார் உத்தியோகத்துக்குப் போய்விட்டது! 'ஒற்றைச் சாளர முறை' என்று பத்திரிகைகளில் படிக்கிறீர்களே, அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது சொல் 'பலகணி'. பல கண்களை உடையது என்பது பொருள். இந்தப் பாவப்பட்ட சொல்லுக்கு நேர்ந்த கதியைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. காதில் 'பால்கனி' மாதிரி ஒலிக்கிறது என்ற ஒரே குற்றத்துக்காக, மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிக்குத் தமிழ்ப் பெயர் இதுதான் என்று பலர் எழுதி வருகிறார்கள். கதாநாயகி பலகணியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காப்பி சாப்பிட்டாள் என்று நானே ஒரு கதையில் படித்தேன்! பால்கனி இத்தாலிய நாட்டுச் சொல். உத்தரக் கட்டையைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்தது. பலகணிக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது.

சரி, இத்தனை நல்ல சொற்கள் இருக்கும்போது கப்பல் சரக்கு எப்படி விலைபோயிற்று? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். வந்தது வெறும் சொல் அல்ல, சாமானே புதிது. காலதரும் சாளரமும் பலகணியும் பெரும்பாலும் துளைகள், பின்னல்கள். காற்றும் கண்ணும் அவற்றின் வழியே எப்போதும் போய் வரும். கீல் வைத்து, இரட்டைக் கதவு போட்டு, விரும்பினால் திறந்து விரும்பாவிட்டால் சாத்தும் பெரிய திறப்பு வேறு ஜாதி. நம் பழைய வீடுகளுக்கு அது அவ்வளவாகத் தேவைப்படவும் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். நடுவே வானத்தைப் பார்த்த முற்றம். வெளிச்சமும் காற்றும் மழையும் நேரே வீட்டுக்குள் இறங்கும். தெருப்பக்கத்துச் சுவரில் கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல் இருந்தால் பெரிய காரியம்.

இனி மற்ற தேசங்களுக்குப் போவோம். வடமொழியில் ஜன்னலுக்கு 'வாதாயனம்' என்று பெயர்; வாதம் என்றால் காற்று, காற்று செல்லும் பாதை. நம் காலதரேதான்! இன்னொரு பெயர் 'கவாக்ஷம்'. கோவின் அக்ஷம், அதாவது மாட்டின் கண். தமிழன் மானின் கண்ணைக் கண்டான். வடமொழியான் மாட்டின் கண்ணைக் கண்டான். மகாராஷ்டிரத்தில் கார்லே, பாஜா குகைகளின் முகப்பில் குதிரை லாடம் போல் வளைந்த பெரிய திறப்பு இருக்கிறது அல்லவா? அதன் வடிவத்தைக் கோயில் சிற்பிகள் சிறிதாக்கி அலங்காரமாக அடுக்கினார்கள். நம் மாமல்லபுரத்து ரதங்களில் அதைக் 'கூடு' என்கிறோம். அடுத்த தடவை மாமல்லபுரம் போகும்போது கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். பல கூடுகளுக்குள் சின்னஞ்சிறு முகம் ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். ஏழாம் நூற்றாண்டிலிருந்து அது தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது!

ஆங்கிலத்துக்கு வந்தால் வேடிக்கை இன்னும் பெரிது. 'விண்டோ' என்ற சொல் ஆங்கிலேயர்களுடைய சொந்தச் சொத்து அல்ல. கடற்கொள்ளைக்காரர்களாக வந்து, பிறகு குடியும் குடித்தனமுமாக இங்கிலாந்தில் தங்கிவிட்ட வடதேசத்து வைக்கிங்குகள் கொடுத்தது. அவர்கள் மொழியில் அது 'விண்டவுகா'. விண்டு என்றால் காற்று, அவுகா என்றால் கண். காற்றுக் கண்! நீண்ட கூடம் போன்ற அவர்களுடைய வீட்டில் நடுவே அடுப்பு எரியும். கூரையில் புகை போக ஒரு துளை. அதற்கும் கண்ணாடி ஏது? அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே பார்த்தது, மனிதன் வெளியே பார்த்தான். இங்கே மான்கண் காலதர், அங்கே காற்றுக் கண். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கனவில் கூடக் கண்டதில்லை.

வைக்கிங் வருமுன் ஆங்கிலேயர்கள் 'கண் துளை' என்று பொருள்படும் சொல்லை வைத்திருந்தார்கள். அந்தத் 'துளை' மட்டும் இன்றும் பிழைத்திருக்கிறது. மூக்குத் துவாரத்தைக் குறிக்கும் 'நாஸ்ட்ரில்' என்ற சொல்லின் பின்பாதி அதுதான். ருஷ்யர்கள் 'அக்னோ' என்கிறார்கள். அதிலும் கண் ஒளிந்திருக்கிறது. ஸ்பானியர்களின் 'வெந்தானா'விலோ காற்று. கண் அல்லது காற்று, காற்று அல்லது கண். ஒன்று கவனித்தீர்களா? வெளிச்சத்தை வைத்துப் பெயரிட்டவர்கள் என் தேடலில் அகப்படவே இல்லை.

லத்தீனில் 'பெனஸ்ட்ரா'. பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் இத்தாலியர்களும் இதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். ஆங்கிலத்திலும் பதினாறாம் நூற்றாண்டு வரையில் இதன் பேரன் ஒருவன் நடமாடிக்கொண்டிருந்தான். பிறகு காற்றுக் கண் அவனைத் துரத்திவிட்டது. ஆனாலும் 'மனிதனை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிவது' என்ற காரியத்துக்கு இந்த லத்தீன் சொல்லை வைத்து ஒரு தனிப் பெயரே உண்டு. 1618-ல் பிராக் நகரத்துக் கோட்டையில் சண்டை முற்றி, மன்னரின் பிரதிநிதிகள் இருவரையும் அவர்களுடைய காரியதரிசியையும் பிரபுக்கள் ஜன்னல் வழியாக வெளியே எறிந்துவிட்டார்கள். ஏறக்குறைய 70 அடி உயரம்! மூவரும் உயிர் பிழைத்தார்கள். ஆனால் அதிலிருந்து மூண்ட யுத்தம் 30 வருஷம் நடந்தது. காரியதரிசிக்குப் பிற்பாடு பிரபுப் பட்டம் கிடைத்தது. என்ன பட்டம் தெரியுமா? 'உயர்வீழ்ச்சிப் பிரபு'!

இங்கிலாந்தில் நடந்தது இதற்கு நேர்மாறான கூத்து. அங்கே மனிதர்களை அல்ல, ஜன்னல்களையே ஒழித்துக் கட்டினார்கள். 1696-ல் மூன்றாம் வில்லியம் மன்னர் ஜன்னலுக்கு வரி போட்டார். பணக்காரன் வீட்டில் ஜன்னல் அதிகம் இருக்கும், அவனிடம் அதிகம் வசூலிக்கலாம் என்பது யோசனை. வரி அதிகாரிக்கு வசதி; தெருவில் நின்று எண்ணினால் போதும். ஜனங்கள் என்ன செய்தார்கள்? செங்கல்லை வைத்து ஜன்னலை அடைத்துவிட்டார்கள்! பல குடும்பங்களை ஒரே கட்டடத்தில் அடைத்து வாடகைக்கு விட்ட சொந்தக்காரர்களும் அடைத்தார்கள். வரி மிச்சம் ஆயிற்று. இருட்டிலும் புழுக்கத்திலும் கிடந்தவர்கள் ஏழைகள். வைத்தியர்கள் கூச்சலிட்டார்கள். 1850-ல் சார்ல்ஸ் டிக்கன்ஸ் தம் பத்திரிகையில் கண்டித்து எழுதினார். 1851-ல்தான் வரி ஒழிந்தது. அடைத்த ஜன்னல்கள் சில பழைய வீடுகளில் இன்றும் அப்படியே இருக்கின்றன. பிரான்சு தேசத்தில் கதவுக்கும் ஜன்னலுக்கும் போட்ட வரி 1926 வரையில் இருந்தது.

இதுவரை காற்றைப் பற்றியே அதிகம் சொன்னேன். கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாருடைய கண்?

காளிதாசனின் ரகுவம்சத்தில் அஜன் நகர்வலம் வரும்போது, அவனைப் பார்க்க ஓடிவந்த பெண்களின் முகங்களால் கவாக்ஷங்கள் நிறைந்துவிடுகின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய மூவருலாவில் சோழ மன்னன் வீதியில் வருகிறான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் பார்க்கிறார்கள். ஜயப்பூரில் 1799-ல் பிரதாப் சிங் மன்னர் கட்டிய 'ஹவா மஹல்' இருக்கிறதே, அதற்குக் காற்று மாளிகை என்றே பெயர். சின்னஞ்சிறு ஜன்னல்கள் 953. அந்தப்புரத்துப் பெண்கள் தாங்கள் பிறர் கண்ணில் படாமல் கடைவீதியைப் பார்ப்பதற்காகக் கட்டியது. இதையெல்லாம் படிக்கும்போது எனக்குக் கவிதையும் சிற்பமும் மட்டும் கண்ணில் படவில்லை. வீதியில் போகிறவன் ஆண். ஜன்னலில் நிற்பவள் பெண். அவளுக்கு அந்தத் துளைதான் வீதி.

இதை நான் என் தாயாரிடம் சொன்னேன். அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டு, "நம் ஊர்ச் சின்னப் பாட்டியை உனக்கு ஞாபகம் இருக்கிறதா?" என்றாள். எனக்கு ஞாபகம் இல்லை. என் பாட்டியின் தங்கை அவர். பன்னிரண்டு வயதில் கல்யாணம். பதினாலில் தாலி போயிற்று. அதற்குப் பிறகு அறுபது வருஷத்துக்கு மேல் அந்த வீட்டிலேயே இருந்தார். எங்கள் பக்கத்தில் தெருவை ஒட்டிய முன்னறையைக் 'காமரா உள்' என்பார்கள். அந்தக் 'காமரா'வும் போர்த்துக்கீசியச் சொல்தான் என்பதை அன்றுதான் அகராதியில் பார்த்திருந்தேன். அந்த அறையில் இரண்டு முழ உயரத்துக்கு ஒரு ஜன்னல். நாலு மரக்கம்பி. சின்னப் பாட்டி திண்ணைக்கு வரமாட்டார். சுவாமி புறப்பாடு தெருவில் வந்தால், எல்லாரும் வாசலில் கற்பூரத் தட்டோடு நிற்பார்கள்; அவர் காமரா உள்ளில் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலண்டை நிற்பார்.

"விளக்கை எதற்கு அணைக்க வேண்டும்?" என்று கேட்டேன்.

"தான் நிற்பது வெளியே தெரியக் கூடாது என்றுதான்" என்றாள் என் தாயார். "அந்தக் கம்பிகளில் ஒன்று மட்டும் நடுவில் தேய்ந்து வழவழவென்று இருக்கும். நாங்கள் குழந்தைகள் அதைப் பிடித்து விளையாடுவோம். கை பட்டுப் பட்டுத் தேய்ந்தது என்று பெரியவளான பிறகுதான் எனக்குப் புரிந்தது."

பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜன்னலில் சுவர் தெரிந்தால் என்ன, தெரு தெரிந்தால் என்ன, இதெல்லாம் மனசு சம்பந்தப்பட்ட விஷயம்தானே என்று நீங்கள் நினைக்கலாம். அதையும் ஒருவர் சோதித்துப் பார்த்திருக்கிறார். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்து ஆஸ்பத்திரி ஒன்றில், ஒரு வரிசை அறைகளின் ஜன்னல் மரங்களைப் பார்த்திருந்தது. இன்னொரு வரிசையின் ஜன்னல் பழுப்புச் செங்கல் சுவரைப் பார்த்திருந்தது. எனக்குத் தரகர் காட்டிய ஜன்னல் போலவே! 1972 முதல் 1981 வரையில் அங்கே பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் குறிப்பேடுகளை ரோஜர் உல்ரிச் என்பவர் எடுத்து, வயது முதலியவை ஒத்த 23 ஜோடிகளாகப் பிரித்து ஒப்பிட்டார். மரம் தெரிந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீட்டுக்குப் போயிருந்தார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1984-ல் இது வெளியாயிற்று.

அது கண்ணுக்கு. காற்றுக்கு இன்னொரு ஆராய்ச்சி. தென்னமெரிக்காவில் பெரு நாட்டின் லிமா நகரத்து ஆஸ்பத்திரிகளில் நடந்தது, 2007-ல் வெளிவந்தது. காசநோய் காற்றில் பரவும் நோய் அல்லவா? எந்த அறையில் காற்று வேகமாக மாறுகிறது என்று அளந்தார்கள். 1950-க்கு முன் கட்டிய, உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள பழைய வார்டுகள், ஜன்னலைத் திறந்துவிட்டால் எந்திரம் வைத்துக் காற்றை மாற்றிய புதிய அறைகளை வென்றுவிட்டன! 2020-ல் கொரோனா வந்தபோது, "ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்று உலகமெல்லாம் டாக்டர்கள் சொன்னது நமக்கெல்லாம் நினைவிருக்கிறது.

வீடு தேடும் வாசகர்களுக்கு ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். சென்னையைப் போல் வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில், அறையின் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் திறப்பு வேண்டும் என்று இந்தியத் தேசியக் கட்டட விதித் தொகுப்பு சொல்லியிருக்கிறது. 120 சதுர அடி அறை என்றால் 20 சதுர அடி. தரகர் காட்டிய ஜன்னலின் அளவு அந்தக் கணக்குக்கு ஒருவேளை சரியாகவே இருந்திருக்கும். சுவரைப் பார்த்து வைத்ததுதான் கோளாறு.

பத்து நாள் கழித்து வேறு வீடு கிடைத்தது. பழைய கட்டடம், முதல் மாடி. கூடம் சிறியது. சமையலறையில் இரண்டு பேர் நின்றால், மூன்றாமவர் குழம்பின் வாசனையை வெளியிலிருந்துதான் பிடிக்க வேண்டும். ஆனால் கூடத்தில் தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். இரட்டைக் கதவு, போர்த்துக்கீசியன் பார்த்தால் 'ஜனேலா!' என்று கட்டிக்கொள்வான். வெளியே ஒரு வேப்பமரம், மரத்தடியில் துணி தேய்க்கும் வண்டி, சற்றுத் தள்ளி பஸ் நிற்கும் இடம்.

வீட்டுக்காரர் கணக்குச் சொன்னார்: "பின்பக்கத்துப் போர்ஷனைவிட இதற்கு மாசம் ஆயிரம் ரூபாய் கூடுதல். தெருப் பார்த்த வீடு பாருங்கள்!" எனக்கு மூன்றாம் வில்லியம் மன்னரின் நினைவு வந்தது. 1851-ல் ஒழிந்த வரி எங்கள் தெருவில் உயிரோடு இருக்கிறது! தரகர் என் காதோடு, "ஒரு ஜன்னலுக்காகவா சார் ஆயிரம் ரூபாய்?" என்றார். நான் முன்பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

குடிவந்த மூன்றாம் நாள் காரியாலயத்தில் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தேன். டெலிபோன் மணி அடித்தது. என் தாயார்தான்.

"கேட்டாயா? கீழே துணி தேய்க்கிறானே, அந்தப் பிள்ளைக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம். ஜன்னல் வழியாகவே கூப்பிட்டுச் சொன்னான். நீ சாயங்காலம் வரும்போது ஒரு சின்னச் சட்டை வாங்கிக்கொண்டு வா. பருத்தியாகப் பார்த்து வாங்கு."